காதலர்களைக் கடைசியில் பாருங்கள்: 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அச்சுப்படத்தை வாசிக்கும் முறை

தோட்டத்தில் ஓர் இளைஞன் மண்டியிட்டிருப்பான். விசிறிக்குப் பின்னால் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். 18ஆம் நூற்றாண்டில் பாரிஸிலும் லண்டனிலும் செப்புத் தகட்டில் செதுக்கி, தாளில் அச்சடித்து விற்ற படங்களில் இந்தக் காட்சிக்குப் பஞ்சமே இல்லை. பார்த்தவுடன் எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருப்பதுதான் இதில் உள்ள ஆபத்து. ஓவியர், செதுக்குபவர், எழுத்து பொறிப்பவர், அச்சடிப்பவர், கடைக்காரர் என்று பல கைகள் பட்ட விற்பனைச் சரக்கு இது. ஆண் எப்படிக் கேட்க வேண்டும், பெண் எப்படி மறுக்க வேண்டும், பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் அந்தச் சரக்கு சொல்கிறது. ஆனால் பாதியை ஓரத்தில்தான் சொல்கிறது. அதனால் தாளின் விளிம்பிலிருந்து உள்ளே வாருங்கள். காதலர்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

படத்தைத் தயார் செய்வது

சிங்கப்பூரில் இருந்தபடி இவற்றைப் பார்க்க எளிய வழி, அருங்காட்சியகங்கள் இணையத்தில் திறந்து வைத்திருக்கும் சேகரிப்புகள்தான். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், வாஷிங்டனின் நேஷனல் கேலரி ஆகிய மூன்றும் பெரிய அளவுக் கோப்புகளை இலவசமாகத் தருகின்றன. பிரிட்டிஷ் மியூசியத்தின் படங்களை வணிகநோக்கம் இல்லாத பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

தாளின் நான்கு ஓரமும் தெரிகிற கோப்பையே எடுங்கள். அலங்காரப் படம் விற்கும் தளங்கள் கீழ் ஓரத்து எழுத்தை வெட்டிவிடும். அது முகவரி கிழிந்த கடிதம். இந்த வேலைக்கு உதவாது. ஏ3 தாளில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவு வேண்டுமென்றால் நீளப் பக்கம் 4,960 பிக்சலாவது இருக்க வேண்டும். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் அச்சுக் கடைகளில் பளபளப்பில்லாத தாளில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.  பளபளப்புத் தாளில், பத்துப் பேர் சூழ்ந்து பார்க்கும்போது விளக்கொளி கண்ணில் அடிக்கும். லண்டன் ஓவியரும் செதுக்குநருமான வில்லியம் ஹோகார்த்தின் பெரிய தகடுகள் ஏறத்தாழ 38க்கு 46 செ.மீ. என்பதால் ஏ3இல் சற்றுச் சுருங்கும். அசல் அளவு வேண்டுமானால் ஏ2. பெர்லினில் வேலை செய்த டானியல் கொடோவியெக்கியின் நாட்காட்டிப் படங்களோ உள்ளங்கைக்குள் அடங்குபவை. அவற்றைப் பெரிதாக்காமல் அசல் அளவிலேயே அச்சிட்டு, 10 மடங்கு பெருக்கும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சட்டைப்பையில் வைத்துப் புரட்டிய படத்தைச் சுவரில் மாட்டும் அளவுக்கு ஊதினால் அதன் அந்தரங்கம் போய்விடும்.

முதலில் கீழ் ஓரம்

படத்துக்குக் கீழே இடது மூலையில் பெரும்பாலும் ஓவியரின் பெயர் இருக்கும். பக்கத்தில் ‘பின்க்ஸிட்’, வரைந்தவர் என்றால் ‘டெலினியாவிட்’. வலது மூலையில் ‘ஸ்கல்ப்ஸிட்’ என்று முடிவது செதுக்கியவர் பெயர். ‘எக்ஸ்கூடிட்’ என்றிருந்தால் வெளியிட்டவர். எல்லாமே லத்தீன், பெரும்பாலும் நாலைந்து எழுத்துச் சுருக்கமாக இருக்கும். பிரெஞ்சுப் படங்களில் ‘ஏ.பி.டி.ஆர்.’ என்ற நான்கெழுத்து, அரசரின் உரிமத்தோடு வெளியானதைக் குறிக்கும். நடுவில் ஒரு குலச்சின்னமும் சமர்ப்பண வரியும் இருந்தால், படுக்கையறைக் காட்சிக்குக்கூடப் பெரிய இடத்துப் பெயர் ஒன்று காவலாக நிற்கிறது என்று பொருள்.

ஆங்கிலப் படங்களில் தேதியும் இருக்கும். ஹோகார்த் முன்னின்று பெற்ற 1735ஆம் ஆண்டுச் சட்டம், உரிமையாளர் பெயரையும் வெளியான நாளையும் தகட்டிலேயே பொறிக்கச் சொன்னது. 14 ஆண்டு உரிமை கொடுத்தது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அது தகடு வெளியான தேதி. கையில் இருக்கும் தாள் அச்சான தேதி அல்ல. ஹோகார்த்தின் தகடுகள் 1790இல் பதிப்பாளர் பாய்டெல் கைக்கும், 1822இல் ஹீத் பதிப்புக்கும் போய், பழைய தேதியைச் சுமந்தபடியே மறுபடி மறுபடி அச்சாகின.

செதுக்கியவர் பெயரை விட்டுவிடாதீர்கள். காசுக்கும் பட்டத்துக்கும் நடக்கும் கல்யாணத்தைக் கேலி செய்யும் ‘மேரேஜ் ஆ-லா-மோட்’ வரிசையின் ஆறு தகடுகளையும் ஹோகார்த்தே செதுக்கினார் என்று நினைப்பவர்கள் ஏராளம். 1, 6 ஸ்கோட்டேன். 2, 3 பாரோன். 4, 5 ரவனே. மூவரும் பிரெஞ்சுக்காரர்கள். பட்டுப் பாவாடையின் மினுக்கைக் கோட்டில் கொண்டுவரும் கை பாரிஸ் பயிற்சியில் வந்தது.

படத்தின் கீழ் செய்யுள் இருந்தால் அதைத் தனியாக வைத்து வாசியுங்கள். சங்க அகப்பாட்டில் ‘தோழி தலைவனுக்குச் சொல்லியது’ என்கிற கூற்றுக்குறிப்பு பின்னால் தொகுத்தவர்கள் சேர்த்தது. அதை மறைத்துவிட்டுப் பாட்டைப் படித்தால் வேறு வாசலும் திறக்கும். இங்கும் அதே கதைதான். பிரெஞ்சு ஓவியர் ஷார்டேன் வரைந்த ‘லா கூவெர்நான்த்’ ஓவியத்தில் ஒரு தாதி சிறுவனின் தொப்பியைத் துடைத்துப் பள்ளிக்கு அனுப்புகிறாள், அமைதியான காட்சி. 1739இல் லெபிஸியே அதைச் செதுக்கியபோது கீழே நாலு வரி சேர்ந்தது: இந்தப் பணிவெல்லாம் நடிப்பு, பையன் மறுபடி இறகுப்பந்துக்கு ஓடத்தான் பார்க்கிறான் என்று. பெண் கண்டிக்க வேண்டியவள், ஆண்பிள்ளை ஏய்க்கத்தான் செய்வான் என்கிற பாடம் ஓவியத்தில் இல்லை, எழுத்தில் இருக்கிறது.

பிறகு புரட்டிப் பாருங்கள்

தகட்டில் செதுக்கியது தாளில் இடவலம் மாறி விழும். ஓவியத்தை அப்படியே பார்த்துச் செதுக்கினால் அச்சில் காட்சி இடவலம் மாறும். கண்ணாடி வைத்துச் செதுக்கினால் நேர். எது நடந்தது என்று தெரிய ஆணின் வாளைப் பாருங்கள். வலக்கைப் பழக்கமுள்ளவன் வாளை இடது இடுப்பில்தான் கட்டுவான். வலது இடுப்பில் தொங்கினால் படம் திரும்பியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். எழுதுகிற கை, வயலின் வில் பிடிக்கிற கை ஆகியவையும் சாட்சி. கைபேசியில் படத்தை இடவலமாகத் திருப்பி இரண்டையும் அருகருகே வையுங்கள்.

இது வெறும் நுணுக்கம் அல்ல என்பதற்கு ‘மேரேஜ் ஆ-லா-மோட்’ முதல் தகடு போதும். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள ஓவியத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் இடப்பக்கம், மாப்பிள்ளையின் அப்பாவான பிரபு வலப்பக்கம். 1745இல் அச்சான படத்தில் அது மாறிவிடுகிறது. இடமிருந்து வலமாகப் படித்தால் முதலில் வாதநோயில் கட்டுப்போட்ட காலோடு பிரபு. அவர் விரல் தன் வம்சமரத்தைச் சுட்டுகிறது. அடுத்து மேசைமேல் தங்கக் காசும் அடமானப் பத்திரமும். பிறகு மூக்குக்கண்ணாடியோடு திருமண ஒப்பந்தத்தை எழுத்தெண்ணிப் படிக்கும் பெண்ணின் தகப்பன், பணக்கார வணிகர். அப்புறம்தான் இறகுப்பேனாவைச் சீவியபடி பெண்ணின் பக்கம் குனியும் வக்கீல். அவள் மோதிரத்தைக் கைக்குட்டையில் கோத்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். எல்லாம் முடிந்து வலக்கோடியில் மாப்பிள்ளை. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடியில் தன் முகத்தை ரசிக்கிறான். கழுத்தில் ஒரு கரும்புள்ளி: பால்வினை நோயின் அடையாளம். காலடியில் ஒரே சங்கிலியில் இரண்டு நாய்கள். வம்சம், காசு, பத்திரம், வக்கீல், பெண், மாப்பிள்ளை என்று வரிசை விழுவது அச்சில்தான். விற்கப்போவது அச்சு என்பதை மனத்தில் வைத்தே ஹோகார்த் ஓவியத்தை அமைத்தார் என்று கொள்வதே பொருத்தம்.

நம் ஊர் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போது யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கவனித்தவர்களுக்கு இந்த வாசிப்பு சட்டென்று பிடிபடும். ஆனால் ஒன்றை மற்றதாக எண்ணிவிடக் கூடாது. இங்கே பெண் வீட்டார் கொடுக்கும் பணம் வாங்குவது ஒரு பட்டத்தை. மாப்பிள்ளை வீட்டார் அடைப்பது கடனை.

பணமும் தாளும் எங்கே

முகங்களுக்கு முன்னால் கைகளில் உள்ள பொருளைத் தேடுங்கள். பெண்ணின் கையில் தாள் இருந்தால் அது பெரும்பாலும் கடிதம்: மறைக்க வேண்டியது, ரவிக்கைக்குள் போவது. ஆணின் கையில் தாள் இருந்தால் ஒப்பந்தம், கணக்கு, பத்திரம்: எல்லார் முன்னாலும் விரிப்பது. இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே பாதிப் படங்களைப் பிரித்துவிடலாம். பிரெஞ்சு ஓவியர் க்ரூஸின் ‘லக்கோர்தே த வில்லாஜ்’ (கிராமத்து மணப்பெண்; ஓவியம் 1761, ஃப்லிப்பார் செதுக்கியது 1770) ஹோகார்த்துக்கு நேர் எதிர். கிராமத்து வீட்டு நிச்சயம். தந்தை சீதனப் பையைக் கொடுத்துவிட்டார், நோட்டரி எழுதுகிறார், பெண் தலை குனிந்து நிற்கிறாள், அவள் கை மட்டும் மாப்பிள்ளையின் கைக்குள் மெல்ல நுழைகிறது. தரையில் ஒரு கோழியும் குஞ்சுகளும். சீதனம் இங்கே ஊழல் அல்ல, குடும்பப் பாசத்தின் சான்று. ஒரே பணப்பை, இரண்டு தீர்ப்பு.

கோழி, நாய், திறந்த கூண்டு, உடைந்த குடம் இவையெல்லாம் நம் அகப்பாட்டின் கருப்பொருள் போலத்தான். பேசாததைப் பேச வைத்தவை. க்ரூஸின் உடைந்த குடம் (மஸ்ஸார் செதுக்கியது 1773) கன்னிமை போனதைச் சொல்கிறது என்பது அக்காலத்தவருக்கு விளக்கவேண்டாத செய்தி. ஆனால் அகராதி வைத்துக்கொண்டு ‘நாய் என்றால் விசுவாசம்’ என்று ஒட்டாதீர்கள். ஹோகார்த்தின் இரட்டை நாய்க்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை. அதே படத்துக்குள் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

ஜோடிப் படம் இருந்தால் தனியாகப் பார்க்காதீர்கள்

கடைக்காரர்கள் படங்களை இரண்டிரண்டாகவும் வரிசையாகவும் விற்றார்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் அரைச் செய்திதான் கிடைக்கும். ஆண், பெண் நடத்தை விதிகள் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் இருக்கின்றன.

1736இல் ஹோகார்த் வெளியிட்ட ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ இரண்டையும் பக்கத்தில் வைத்துச் செய்ய வேண்டிய பயிற்சி இது: இரண்டிலும் பொதுவாக உள்ள பொருள்களுக்கு மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். முதல் படத்தில் ஆண் இழுக்கிறான், பெண் தடுக்கிறாள், அவள் பிடித்த ஒப்பனை மேசை சாய்கிறது, நாய் குரைக்கிறது, சுவர்ப்படத்தில் மன்மதக் குழந்தை வாணத்துக்குத் தீ வைக்கிறது. இரண்டாவதில் மேசை கவிழ்ந்து கண்ணாடி உடைந்திருக்கிறது, நாய் தூங்குகிறது, சுவர்ப்படத்து வாணம் எரிந்து விழுகிறது. இப்போது அவன் அவசரமாகக் காற்சட்டையை ஏற்றுகிறான். அவள் விடாமல் பற்றியிருக்கிறாள். துரத்தியவன் ஓடப் பார்க்கிறான், விலகியவள் கெஞ்சுகிறாள். முதல் படத்து மேசையில் பக்தி நூல், இழுப்பறையில் நாவல்களும் காமச்சுவைக்குப் பேர்போன ராச்செஸ்டரின் கவிதைகளும் இருப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: அவள் மறுப்பு உண்மையா, பாவனையா என்ற சந்தேகத்தை ஹோகார்த் அங்கே விதைக்கிறார். நியாயமான சந்தேகம் அல்ல. எதைப் படித்தாள் என்பதை வைத்து ஒரு பெண்ணின் மறுப்பை எடைபோடும் பழக்கம் இந்தப் படத்தில் நகைச்சுவையாக உட்கார்ந்திருக்கிறது. குழுவாகப் பார்க்கும்போது சிரித்துக் கடந்துவிடாமல் நிறுத்திப் பேச வேண்டிய இடம்.

பிரெஞ்சு ஓவியர் ஃப்ராகொனாரின் ‘ல வெர்ரூ’வுக்கும் (தாழ்ப்பாள்) இதே கவனம் தேவை. ஓர் ஆண் பெண்ணை ஒரு கையால் அணைத்தபடி மறுகை விரல்நுனியால் கதவின் தாழ்ப்பாளைத் தள்ளுகிறான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சம்மதமா, பலவந்தமா என்று இன்றும் சண்டை ஓயவில்லை. ப்லோ இதைச் செதுக்கியது 1784. எட்டாண்டு கழித்து 1792இல் அவரே ‘ல கோன்த்ரா’வைச் செதுக்கி ஜோடியாக்கினார்: தாழ்ப்பாளுக்குப் பின் திருமண ஒப்பந்தம். முதல் படம் எழுப்பிய கேள்வியைக் கையெழுத்து போட்டு மூடுகிற வேலை.

பிரெஞ்சு ஓவியர் மொரோ ல ழென் வரைந்த உடைநாகரிக வரிசைகளில் பங்கு பிரிப்பு இன்னும் வெளிப்படை. 1777இல் வந்த வரிசை ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கருவுற்ற செய்தி, பிரசவம், தாய்மை என்று நடத்திச் செல்கிறது. 1783 வரிசை ஆணுடையது: காலை அலங்காரம், சீட்டாட்டம், இரவு விருந்து. தலைப்புகளை மட்டும் வரிசைப்படுத்தினாலே போதும், விளக்கம் தேவையில்லை. கொடோவியெக்கியோ, ஜெர்மன் எழுத்தாளர் லிக்டென்பெர்க்கின் உரையோடு கோட்டிங்கன் நாட்காட்டியில் வந்த ‘இயல்பான செயலும் பாவனையும்’ வரிசையில் ஒரே செயலை இரண்டு விதமாக வைக்கிறார்: உலாவுதல், வணங்குதல், நடனம். 1780களின் தொடக்கத்தில் பெண் கேட்கும் விதங்களையே 12 குட்டிப் படங்களாகவும் போட்டார். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு அவைதான் எங்கள் சிபாரிசு.

உடம்புகளை வாசிக்கும்போது

யார் நிற்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார், யாருடைய பாதம் தரையில் முழுதாகப் பதிந்திருக்கிறது, மூன்றாம் ஆள் யார் என்று நான்கு கேள்வி கேளுங்கள். மூன்றாம் ஆள் முக்கியம்: தாய், பணிப்பெண், பாதிரியார், நோட்டரி. பணிப்பெண்ணைத் தோழி என்று எண்ணிவிடத் தோன்றும். அகப்பாட்டுத் தோழி தலைவிக்காகப் பேசுவாள். இங்கே பணிப்பெண் பல படங்களில் கூலிக்குக் கதவு திறப்பவள்.

ஆணின் உடையில் பூங்கொத்தும் வானம் முட்டும் பொய்முடியும் கண்டால் அவனைக் காதலன் என்று முடிவுகட்டாதீர்கள். 1770களின் லண்டனில் அவன் ‘மக்கரோனி’: இத்தாலி போய்வந்து அலங்காரத்தில் மூழ்கியவன் என்று கேலிசெய்யப்பட்டவன். ஃபிலிப் டாவின் 1773ஆம் ஆண்டு மெஸ்ஸோடிண்ட் (கருமையிலிருந்து வெளிச்சம் எழுப்பும் அச்சு) இதற்கு நல்ல மாதிரி. ஆண் எங்கே ஆணாக இருப்பதை நிறுத்துகிறான் என்ற பதற்றம்தான் அந்தக் கேலியின் எரிபொருள். இன்றைய அடையாளப் பெயர்களை அப்படியே அதன்மேல் ஒட்டினால் அந்தப் பதற்றம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

லண்டன் கேலிப்பட ஓவியர் கில்ரே 1792 ஜனவரி 24 அன்று வெளியிட்ட படத்தில் முகமே இல்லை. யார்க் கோமகனின் பெரிய காலணிகள் குப்புற; அவற்றின் இருபுறமும் கோமகளின் சின்னஞ்சிறு செருப்புகள் மல்லாக்க. புதுமணப்பெண்ணின் சிறிய பாதத்தைப் பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளியதற்குக் கிடைத்த பதில் அது. வெளியிட்டவர் ஹானா ஹம்ஃப்ரி, ஒரு பெண்.

கடைக்குப் பின்னால் இருந்த பெண்கள்

ஓரத்தை முதலில் படிக்கச் சொன்னதற்குக் காரணம் இதுவும்தான். படத்துக்குள் பெண்கள் காதலிக்கிறார்கள் அல்லது மறுக்கிறார்கள். கீழ் ஓரத்தில் அவர்கள் கடை நடத்துகிறார்கள். பிரெஞ்சுப் பெயருக்கு முன் ‘வெவ்’ என்றிருந்தால் கைம்பெண் என்று பொருள்: கணவர் இறந்தபின் தகடுகளையும் தொழிலையும் எடுத்து நடத்தியவர். மேரி டார்லி லண்டனில் கேலிப்பட வியாபாரம் செய்ததோடு, கேலிப்படம் வரையும் முறைக்கு 1762இல் ஒரு கையேடும் போட்டார். ஹோகார்த் 1764இல் இறந்தபின் தகடுகள் மனைவி ஜேன் வசம் வந்தன. 1767இல் திருத்திய சட்டம் அவர் பெயரைச் சொல்லியே 20 ஆண்டு தனியுரிமை கொடுத்தது. கரோலின் வாட்சன் 1785இல் அரசியாரின் செதுக்குநரானார். மார்கெரித் ழெரார், ஃப்ராகொனாரின் மைத்துனி, 1778இல் எட்சிங் (அமிலத்தால் கோடு அரிக்கும் அச்சு) போட்டார். கையால் வண்ணம் தீட்டும் வேலையில் பெண்களும் சிறுவர்களும் நிறைய இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்த ஓரத்திலும் இல்லை.

கோடா, புள்ளியா

லென்ஸில் கோடு நடுவில் தடித்து நுனியில் மெலிந்தால் பியூரின் உளியால் செதுக்கியது. கோடே இல்லாமல் கருமையிலிருந்து வெளிச்சம் எழுந்தால் மெஸ்ஸோடிண்ட். ஒன்றிரண்டு நூறு தாளிலேயே அந்தக் கருமை மங்கத் தொடங்கும். ஒழுங்கற்ற புள்ளிகள் என்றால் ஸ்டிப்பிள். பெண்களின் தோலை மென்மையாகக் காட்ட லண்டனில் விரும்பிய முறை. எட்டுத் தகட்டில் பாஸ்டல் ஓவியம் போலவே அச்சடித்தவர் பாரிஸ் செதுக்குநர் போன்னே (1769). படத்தைச் சுற்றித் தங்கச் சட்டகம் அச்சிட்ட தாள்களுக்கு அவர் ஆங்கிலத் தலைப்பும் லண்டன் முகவரியும் போட்டு ஏமாற்றினார், ஏனென்றால் பிரான்ஸில் தங்கத்தகடு பயன்படுத்தக் கட்டுப்பாடு இருந்தது. ஓரத்தையும் கண்மூடி நம்பக் கூடாது.

வாங்குவதும் வைத்திருப்பதும்

புள்ளிகள் சதுரக்கட்டத்தில் ஒழுங்காக நின்றால் அது நவீன ஹாஃப்டோன் (புகைப்பட வழி அச்சு), வேண்டாம். அசலில் தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கும். ஓரம் வெட்டிய தாளில் அது இருக்காது. போலியில் அதைத் தனியாக அழுத்தியும் வைப்பார்கள். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்: ஏறத்தாழ 2.5 செ.மீ. இடைவெளியில் நெடுங்கோடுகள் தெரிந்தால் பழைய லேய்ட் தாள். கோடில்லாத வோவ் தாள் 1750களில்தான் வந்தது. 1736 தேதியுள்ள படம் அதில் இருந்தால் மறுஅச்சு. வாசிப்புக்கு மறுஅச்சு தாராளமாகப் போதும், விலை மட்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 9% ஜிஎஸ்டியையும் கணக்கில் வையுங்கள்.

சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாளில் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். தாளில் பழுப்புப் புள்ளி விழ அதுவே போதும். 50 சதவீதத்தை ஒட்டி வையுங்கள். கேமராவுக்கு விற்கும் டிரை கேபினட்டில் 50இல் நிறுத்தினால் சிறிய தாள்களுக்குச் சரி. லென்ஸுக்கு வைப்பதுபோல் 40க்குக் கீழே இறக்கினால் தாள் முறுகும். தாளை அமிலமற்ற அட்டையில், கோதுமைப் பசை தடவிய ஜப்பானியத் தாள் கீலால் பொருத்துங்கள். செலோடேப் கூடவே கூடாது, லாமினேட் செய்வது கொலை. சுவரில் மாட்டினால் கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் அட்டை இருக்கட்டும். மேற்கு வெயில் விழும் சுவரும் சமையலறைச் சுவரும் ஆகாது. வெளிச்சம் 50 லக்ஸ். பகலில் குளிர்சாதனத்தை அணைத்து இரவில் மட்டும் போடும் படுக்கையறையில் ஈரப்பதம் தினமும் ஏறி இறங்கும். அந்த அறையைவிட எப்போதும் மூடிக் கிடக்கும் அலமாரியே மேல்.